சாலையோரக் கற்களை நம்பி ஊர் வரலாறு எழுதலாமா?

கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், செங்கத்துக்கு முன்னால் இருக்கிறது உங்கள் ஊர். வேடியப்பன் கோயிலில் வில்லோடு நிற்கும் வீரன் கல், புளியமரத்தடியில் பழைய மைல்கல், அதைத் தாண்டி ஒரு சுமைதாங்கி, சாவடிச் சுவரில் பதித்த உலகப்போர்ப் பலகை, ஏரிக்கரையில் தொல்லியல் துறையின் நீலப் பலகை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நடந்து பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வீரன் புலியோடு மோதிச் செத்தவன் என்கிறார் உங்கள் தாத்தா. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்கிறார் பள்ளி ஆசிரியர். யார் சொல்வது சரி, இந்தக் கற்களை வைத்தே ஊர் வரலாறு எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு கல்லில் வெட்டியிருப்பதை எதுவரை நம்பலாம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டது. கல்வெட்டுப் படியெடுக்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். எழுத்து என் துறை. சிற்ப அமைதியை வைத்துக் காலம் கணிப்பது வேறொரு துறை. அதில் நான் கேள்வி ஞானக்காரன்தான்.

கல்லை யார் நட்டார்கள், யாருக்காக நட்டார்கள், ஏறத்தாழ எந்தக் காலத்தில் என்ற மூன்றுக்கும் அதை நல்ல சாட்சியாகக் கொள்ளலாம். நடந்த சம்பவத்தைப் பொறுத்தவரை, அது நட்டவர்கள் தரப்புக் கதை. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவன் தரப்பிலும் ஒருவன் செத்திருப்பான். அவனுக்கு அவன் ஊரில் ஒரு கல் நின்றிருக்கும். இரண்டும் ஒரே சண்டையைச் சொல்லும், ஆனால் ஒரே மாதிரி சொல்லாது.

வேடியப்பன் கல்லிலிருந்து தொடங்குவோம். செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வேடியப்பன் கோயில் என்றால் உள்ளே பெரும்பாலும் நடுகல்தான் இருக்கும். தமிழ்நாட்டில் பல்லவர் கால நடுகற்கள் செறிந்து கிடைத்த பகுதிகளில் இது முதன்மையானது. அவை வழியோரத்தில் நின்றதும் தற்செயல் அல்ல. “பெயரும் பீடும் எழுதி அதர்தொறும் பீலி சூட்டிய பிறங்குநிலை நடுகல்” என்கிறது அகநானூறு. அதர் என்றால் வழி. வழிதோறும் நட்டு, பெயரையும் பெருமையையும் எழுதி, மயிற்பீலி சூட்டினார்கள். போகிற வருகிறவன் படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

புலியா மாடா என்ற வழக்கை முதலில் கல்லின் உருவத்தை வைத்தே பாதி தீர்த்துவிடலாம். புலியைக் குத்திச் செத்தவனுக்கு நட்ட கல்லில் புலி இருக்கும். வீரனுடைய ஈட்டியோ வாளோ அதன்மேல் பாய்ந்திருக்கும். பன்றி குத்திப்பட்டான் கல்லில் பன்றி இருக்கும். மாட்டுச் சண்டைக் கல்லில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளோ குறுவாளோ பிடித்து நிற்பான். சிலவற்றில் உடம்பில் அம்பு தைத்திருக்கும். காலடியில் ஒன்றிரண்டு மாடுகள் சிறிதாகச் செதுக்கப்பட்டிருக்கும். இந்த வட்டாரக் கற்களில் காலருகே கெண்டியும் சிமிழும் காட்டுவது உண்டு. அவற்றுக்கு என்ன பொருள் என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை, அதனால் அவற்றை வைத்துக் கதை கட்ட வேண்டாம். நீங்கள் சொன்னபடி வீரன் வில்லோடு நிற்கிறான், விலங்கு ஏதும் அவனை எதிர்த்து நிற்கவில்லை என்றால் ஆசிரியர் பக்கம்தான் கனம் கூடுகிறது. ஆனால் தாத்தாவை உடனே தள்ளிவிடாதீர்கள். இத்தகைய கோயில்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கற்கள் இருப்பது வழக்கம். பின்னால் இரண்டாவது கல் பாதி புதைந்து கிடக்கிறதா, புலிக்கல் ஒன்று அருகில் இருந்ததா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

எழுத்து இருந்தால் மீதிப் பாதியும் தெளியும். பல்லவர் காலக் கல்லானால் எழுத்து வட்டெழுத்தாக இருக்கும், இன்றைய தமிழ் எழுத்தை மனத்தில் வைத்துப் படிக்க முயன்றால் ஏமாற்றம்தான். வாசகத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. அரசன் பெயரும் ஆட்சியாண்டும் முதலில் வரும். பிறகு அந்த நாட்டை ஆண்ட தலைவன், அவனுடைய சேவகன், ‘தொறுக் கொண்ட ஞான்று’ அல்லது ‘தொறு மீட்டு’ என்று நிகழ்ச்சி, முடிவில் ‘பட்டான் கல்’. தொறு என்பது மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். இந்த நான்கைந்து சொற்களைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் சிதைந்த கல்லிலும் எங்கே எது இருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

உங்கள் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. கோவிவன் என்று அதற்குப் பெயர் கொடுத்து, அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற விதத்தையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு கிராமத்துச் சண்டை, ஒரு நாய். இதில் அரச வரலாறு என்ன இருக்கிறது என்று தோன்றும். மகேந்திரவர்மன் 600 முதல் 630 வரை ஆண்டான் என்று பழைய நூல்கள் போட்ட கணக்கில் 34-ஆம் ஆண்டுக்கு இடமே இல்லை. கல் நின்றது, அவன் பட்டமேறிய ஆண்டுதான் 600-க்கு முன்னால் தள்ளிப் போக வேண்டியிருந்தது. ஊர்க்கல் என்று எதையும் அற்பமாக நினைக்காமல் இருக்க இந்த ஒரு நாய் போதும்.

இதே இடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆட்சியாண்டு என்பது நம் ஆண்டுக் கணக்கு அல்ல. அரசன் எப்போது பட்டமேறினான் என்று தெரிந்தால்தான் அதை மாற்ற முடியும், அதுவும் சில ஆண்டுகள் முன்பின்னாகத்தான் வரும். சோழர் காலக் கல்லில் வெறும் ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் இருந்தால் இன்னும் சிக்கல். பரகேசரி, இராசகேசரி என்ற இரண்டு பட்டங்களையும் சோழ அரசர்கள் மாறி மாறிச் சூடிக்கொண்டார்கள். பட்டம் மட்டும் இருந்தால் அது யாராகவும் இருக்கலாம். அந்த நிலையில் எழுத்தின் வடிவத்தைப் பார்த்து நூற்றாண்டு சொல்வோம். அப்படிச் சொல்லும்போது ஐம்பது ஆண்டு இங்கோ அங்கோ போனால் வியப்பில்லை. ‘கி.பி. 9-ஆம் நூற்றாண்டு’ என்று உங்கள் கட்டுரையில் எழுதினால், அது கல்லே சொன்ன தேதியா, எழுத்தமைதியை வைத்துக் கணித்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலான ஊர் வரலாறுகள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தவறாகப் படிப்பது நம் காலத்து நோய் என்று நினைக்க வேண்டாம். அகநானூற்றிலேயே இன்னொரு பாட்டில், உப்பு வணிகனின் வண்டிச் சக்கரம் உரசி நடுகல்லின் தலை சிதைந்துபோகிறது. உளியால் வெட்டிய எழுத்தில் கோடுகள் மாய்ந்து, வழிப்போக்கர்களுக்கு அது வேறு பொருள் தருகிறது. “வேறு பயம் படுக்கும்” என்று முடித்துவிடுகிறார் புலவர். ஒரு கோடு தேய்ந்தால் வாசகம் மாறும் என்பதைச் சங்ககாலத்தில் வழி நடந்தவர்களே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே படிப்பதில் அவசரம் கூடாது. கோயில் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் பல தலைமுறையாக ஏறியிருக்கும். கம்பித் தூரிகை, அமிலம் எதையும் கொண்டுபோகாதீர்கள். சுண்ணாம்புக் கட்டியாலோ மாவாலோ எழுத்தை நிரப்பிப் படிக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதையும் நான் விரும்புவதில்லை. நிரப்புகிறவன் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் நிரப்புவான். இருட்டிய பிறகு போய், டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் பிடித்துப் பாருங்கள். பகலில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் எழுத்து நிழலோடு எழுந்து நிற்கும். வெளிச்சத்தை இடப்பக்கம், வலப்பக்கம், மேலிருந்து என்று மாற்றி மாற்றிப் படம் எடுங்கள். ஒரு திசையில் மறைந்த கோடு இன்னொன்றில் கிடைக்கும். நாங்கள் செய்தது வேறு முறை: கல்லைத் தண்ணீர் விட்டுக் கழுவி, நனைத்த தாளைப் பரப்பி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, பிறகு துணிப்பொதியில் மை தோய்த்து ஒற்றுவது. மேடு கருப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். இதைப் பழகாமல் செய்தால் மை கல்லில் ஏறிவிடும். துறை ஆட்களிடம் விட்டுவிடுவது நல்லது.

எழுத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது: கல் நிற்கும் இடம். எழுத்தைப் பிறகும் படிக்கலாம், இடத்தை அப்படிப் படிக்க முடியாது. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் அதியமான் பெருவழிக் கல்லை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டுக் காதக்கல் அது, அதாவது காதம் என்ற பழைய அளவில் தூரம் காட்டும் வழிக்கல். அதியமான் பெருவழி, நாவற்றாவளத்துக்குக் காதம் 29 என்பது அதன் செய்தி. எழுத்தறியாதவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டியிருக்கிறார்கள். இருபதுக்கு இரண்டு, ஒன்பதுக்கு ஒன்பது. வரும் சரக்கு மாட்டுக்காரன் விரலால் தடவியே எண்ணிக்கொள்ளலாம். இன்றைய நெடுஞ்சாலைத் துறைக்குத் தோன்றாத யோசனை. ஆனால் 29 காதம் என்பது எங்கிருந்து? கல் நின்ற இடத்திலிருந்து. கிடைத்த இடம் குறிக்கப்படாமல் கல் மட்டும் அருங்காட்சியகத்துக்கு வந்திருந்தால் அந்த எண்ணுக்கு எந்தப் பயனும் இல்லை. காதம் என்ற அளவும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறியது. எனவே அந்தப் பெருவழி இருந்தது, அதற்கு அதியமான் பெயர் இருந்தது, அது ஒரு தாவளத்துக்கு, அதாவது வணிகர் தங்குமிடத்துக்கு, போனது என்பவை உறுதி. 29-ஐக் கிலோமீட்டராக்கி நிலப்படத்தில் புள்ளி வைப்பது ஊகம்.

உங்கள் மைல்கல்லுக்கும் இதே கணக்குத்தான். அதில் ஆங்கில எண்ணுக்குக் கீழே ‘அ’ என்ற எழுத்து ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அது எழுத்து அல்ல, எட்டு. தமிழ் எண்களில் பல நம் எழுத்துகளைப் போலவே இருக்கும்: ஒன்றுக்குக் க, இரண்டுக்கு உ, ஏழுக்கு எ, எட்டுக்கு அ. பத்துக்கு ய போன்ற தனிக் குறி உண்டு என்பதால் பன்னிரண்டை யஉ என்றும் எழுதுவார்கள், கஉ என்றும் எழுதுவார்கள். மைல் கணக்கு இருப்பதால் கல் பெரும்பாலும் மெட்ரிக் முறைக்கு முந்தையது. அதற்கான சட்டம் வந்தது 1956-இல். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த எட்டு மைலை அதில் எழுதியிருக்கும் ஊரிலிருந்து இன்று அளந்து பார்ப்பது. ஒரு மைலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்று கல் இடம் பெயர்ந்திருக்கிறது, அல்லது சாலை பெயர்ந்திருக்கிறது. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட பழைய நிலப்படங்களில் மைல்கற்களையும் குறித்திருப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் எது பெயர்ந்தது என்று தெரிந்துவிடும். பழைய சாலை உங்கள் ஊருக்குள் போய், இன்றைய சாலை ஒதுங்கிப் போவதாகத் தெரியவந்தால், சாவடி ஏன் இப்போது ஆளில்லாத இடத்தில் நிற்கிறது என்பதற்கும் விடை கிடைக்கும். புதிய கற்களும் ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் சாலை முன்பு தேசிய நெடுஞ்சாலை 66. 2010-இல் நாடு முழுவதும் எண்களை மாற்றியபோது 77 ஆனது. இப்போது 66 என்றால் மேற்குக் கடற்கரைச் சாலை. பழைய 66 எண்ணோடு ஒரு மஞ்சள் தலைக் கல் எங்காவது தப்பிக் கிடந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். நூறு ஆண்டுக்குப் பிறகு ஒருவர் அதை வைத்துக் கொங்கணம் வரை கதை கட்டாமல் இருக்க உதவும்.

சுமைதாங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தூண், மேலே ஒரு கல், தலைச்சுமையைப் பிறர் உதவியில்லாமல் இறக்கி ஏற்றும் உயரம். கர்ப்பத்தோடு இறந்த பெண்களின் நினைவாக நடுவது நம் வழக்கம். மேல் கல்லின் அடிப்பக்கத்தையும் பக்கவாட்டையும் பாருங்கள், அங்கே பெயரும் தேதியும் இருக்கக்கூடும். தேதி அறுபதாண்டுச் சுற்றில் இருந்தால் கவனம் தேவை. ‘ருத்ரோத்காரி வருடம் தை மாதம்’ என்றிருந்தால் அது 1864 சனவரியாகவும் இருக்கலாம், 1924 சனவரியாகவும் இருக்கலாம். எழுத்தமைதியையும் அந்தக் குடும்பத்தின் தலைமுறைக் கணக்கையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வேறு எந்தக் கல்லிலும் பெயர் வராத பெண் ஒருத்தியின் பெயர் இதில் கிடைக்கலாம் என்பதற்காகவே இதை நான் வீரன் கல்லுக்கு இணையாக வைப்பேன்.

போர்ப் பலகையில் நேர்மாறு. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும். ஒருவர் பெயரும் இருக்காது. ஆங்கில அரசு இந்தியாவெங்கும் ஊர்களில் இதே வாசகத்தில் வைத்த பலகை இது. போர் 1918-இல் ஓய்ந்தது, அமைதி உடன்படிக்கை 1919-இல் வந்தது, அதனால் அந்த ஆண்டு. போனவர்கள் எல்லாரும் துப்பாக்கி பிடித்தவர்களா, சமையலுக்கும் சுமைக்கும் போனவர்களும் அந்த எண்ணில் அடங்குவார்களா என்பதைப் பலகை சொல்வதில்லை. பெயர் தேட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஊர்ப்பெயரையும் வட்டத்தின் பெயரையும் வெவ்வேறு ஆங்கில எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் உங்கள் தேடலைக் குறை சொல்லாதீர்கள். மெசபொட்டேமியாவில் செத்தவர்களுக்காக 1929-இல் திறந்த பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் உண்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான். 2021-இல் அந்த ஆணையமே இதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. உங்கள் ஊர்ப் பலகையின் மௌனம் கவனக்குறைவு அல்ல, அந்தக் காலத்து அரசின் கணக்கு முறை அது. இங்கே ஊரார் நினைவுதான் கல்லைவிடக் கூடுதலாகச் சொல்லும். ‘பட்டாளத்தார் வீடு’ என்று எந்த வீட்டையாவது அழைக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

நீலப் பலகையில் வரலாறு தேடாதீர்கள், அது சட்ட அறிவிப்பு. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் என்றிருந்தால் மத்தியத் தொல்லியல் துறை. 1966 என்றிருந்தால் மாநிலத் துறை. மத்தியப் பலகையில் மூன்று மாதச் சிறை, 5,000 ரூபாய் அபராதம் என்றிருந்தால் அது 2010-க்கு முன் எழுதியது. அந்த ஆண்டுத் திருத்தத்தில் இரண்டாண்டுச் சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்று ஆனது. எந்தத் துறைக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

தாத்தாவின் புலிக்கதையை என்ன செய்வது என்பது மிச்சம். கல் அதை ஆதரிக்காவிட்டாலும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். யார் சொன்னார், எந்த ஆண்டு, அவர் யாரிடம் கேட்டார் என்பதோடு. கல்லை நட்டவர்கள் மறைந்து, வட்டெழுத்து வழக்கொழிந்து, படிக்க ஆளில்லாமல் போன பிறகும் அந்த வீரனை ஊர் எப்படி நினைவில் வைத்தது என்பதற்கு அது சான்று. கல்லின் கதை 7-ஆம் நூற்றாண்டுக்கோ 9-ஆம் நூற்றாண்டுக்கோ சான்று என்றால், தாத்தாவின் கதை பின்னால் வந்த காலத்துக்குச் சான்று. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி, ‘புலியிடமிருந்து மாடுகளை மீட்ட வீரன்’ என்று சமரசமாக எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதிய ஊர்மலர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், பிறகு அதைப் பிரிப்பது படாதபாடு.

கடைசியாக, சாலை அகலப்படுத்த அளவுக்கல் நட்டுவிட்டார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். உங்கள் கேள்வியில் உடனே கவனிக்க வேண்டியது அதுதான். மைல்கல்லும் சுமைதாங்கியும் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இருக்க வாய்ப்பில்லை. மண் வாரும் இயந்திரத்துக்கு அவை வெறும் கல். ஒவ்வொன்றும் சாலையின் எந்தப் பக்கம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, அருகிலுள்ள கிணறோ மரமோ எத்தனை அடி தூரம் என்று குறித்து, கைப்பேசியில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு படம் எடுங்கள். அதை இணைத்து கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியர் மூவருக்கும் எழுத்து மூலமாக மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றால், அதே சாலையின் அதே பக்கத்தில், முன்பு பார்த்த திசையையே பார்த்தபடி, முடிந்தவரை கிட்டத்தில் நடச் சொல்லுங்கள். கோயில் வளாகத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கிறோம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். வேடியப்பனுக்கு அது சரி, மைல்கல்லுக்குச் சரிப்படாது.